வாளரத்துக்கு முன்னால் இருந்த சங்கு

12 மில்லிமீட்டர் கார்பைடு கட்டர் ஒன்று உடைந்ததுதான் இந்த அத்தியாயத்துக்குக் காரணம்.

தூத்துக்குடியில், விசைப்படகுகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்துதரும் ஒரு சின்னப் பட்டறை. படகின் பின்புறம் புரொப்பல்லர் தண்டு வெளியே வரும் இடத்தில் பொருத்தும் கன்மெட்டல் வார்ப்படம் ஒன்று மில்லிங் மெஷின் மேசையில் இறுகக் கட்டப்பட்டிருந்தது. புரோகிராம் என்னுடையது. முந்தைய இரவு கணினியில் மூன்று முறை ஓட்டிப் பார்த்திருந்தேன். திரையில் கட்டர் எங்கும் இடிக்கவில்லை. மெஷினில் முதல் பள்ளம் சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்குப் போகும் வழியில், எதையும் வெட்டாமல் காற்றில் விரைய வேண்டிய கட்டர், வார்ப்படத்தின் நடுவே துருத்திக்கொண்டிருந்த ஒரு கட்டையில் முழு வேகத்தில் மோதியது.

அந்தக் கட்டை, ரைசரின் அடி. உருகிய உலோகம் அச்சுக்குள் ஆறும்போது சுருங்கும். சுருங்குகிற இடத்துக்கு உலோகம் ஊட்டுவதற்காக வார்ப்பவர்கள் மேலே ஒரு கூடுதல் தேக்கம் வைப்பார்கள். ஆறிய பிறகு அதை அறுத்துவிடுவார்கள். அடி கொஞ்சம் மிஞ்சும். இதில் 12 மி.மீ. மிஞ்சியிருந்தது. முடிவில் வர வேண்டிய மேற்பரப்புக்கு மேல் எல்லா இடத்திலும் 3 மி.மீ. கூடுதல் உலோகம் இருக்கிறது என்று கணினியிடம் சொல்லியிருந்தேன். அதற்கும் மேலே 5 மி.மீ. விட்டு விரையச் சொல்லியிருந்தேன். ஆகக் கட்டர் 8 மி.மீ. உயரத்தில் பறந்தது. கட்டை 12 மி.மீ. உயரத்துக்கு நின்றது.

பட்டறையின் மூத்த ஆபரேட்டர் உடைந்த முனையைத் தேடி எடுத்து என் கையில் வைத்தார். கோபப்படவில்லை. "மெஷின் என்ன செய்யும் தம்பி, நீங்க சொன்னதத்தான அது நம்பும்? என்னத்தக் கட்டி வச்சிருக்கோம்னு மொதல்ல அதுக்குச் சொல்லணும்லா" என்றார்.

கட்டர் ஓட வேண்டிய வழியை, அதாவது கருவிப்பாதையை, கணக்கிட்டுத் தரும் கேம் (CAM) மென்பொருளுக்கு மூன்று செய்திகள் வேண்டும். முடிவில் என்ன உருவம் வர வேண்டும்? எந்தக் கட்டரால் வெட்டப்போகிறோம்? வெட்டத் தொடங்கும் முன் மேசையில் என்ன இருக்கிறது? இந்த மூன்றாவதற்குப் பெயர்தான் ஸ்டாக். பட்டறைகளில் ரா மெட்டீரியல் என்றும், மேசையில் ஏறிவிட்டால் ஜாப் என்றும் சொல்வார்கள். முதல் செய்தியை வடிவமைப்பாளர் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை வரைந்து கொடுத்துவிடுகிறார். இரண்டாவது, கட்டர் விற்பவரின் பட்டியலில் அச்சாகியே இருக்கிறது. மூன்றாவதை மட்டும் நாம் அரை நிமிடத்தில், பழக்கத்தில், ஒரு பெட்டியை வரைந்து முடித்துவிடுகிறோம். மூன்றில் மிகக் குறைந்த கவனம் பெறுவதும் அதுதான், கட்டரை உடைப்பதும் அதுதான்.

அன்று எனக்கு உறைத்தது இன்னொன்று. திரையில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தது ஏன் காப்பாற்றவில்லை? ஏனென்றால் ஒத்திகைக்கும் நான் கொடுத்த அதே பெட்டிதான் உலகம். ரைசர் அடி இல்லாத உலகத்தில் கட்டர் எப்படி அதில் இடிக்கும்? பாதையை எழுதியவரும் அதைச் சோதித்தவரும் ஒரே தவறான தகவலை நம்பினால், சோதனை எத்தனை முறை நடந்தாலும் பச்சை விளக்குதான் எரியும்.

ஸ்டாக்கைக் கவனிக்காத இந்தக் குறைக்கு ஒரு வரலாறு உண்டு. எண்களால் இயங்கும் மில்லிங் மெஷினை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952இல் செய்து காட்டியது. ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்காக யோசித்த வழியின் தொடர்ச்சி அது. அடுத்த சில ஆண்டுகளில் டக்ளஸ் ராஸின் குழு, ஏ.பி.டி. என்ற நிரல்மொழியை உருவாக்கியது. அந்த மொழியில் கட்டரின் அளவைச் சொல்லலாம்; எந்தப் பரப்பை ஒட்டி ஓட வேண்டும், எந்தப் பரப்பைத் தொட்டதும் நிற்க வேண்டும் என்று சொல்லலாம். வெட்டுவதற்கு முன் இருந்த கட்டி எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியாது. அந்த அறிவு முழுக்க நிரல் எழுதியவரின் தலைக்குள் இருந்தது. எத்தனை பாஸில், அதாவது எத்தனை தடவையாக, இறங்குவது, எங்கே மெதுவாகப் போவது என்று அவரே மனத்தில் கட்டியைக் கரைத்துக் கரைத்துக் கணக்கிட்டார். கட்டியையே நினைவில் வைத்திருக்கும் வலிமை கணினிக்கு வந்தது வெகு காலம் கழித்து. அந்த வலிமை வந்தபோது, தலைக்குள் இருந்த கவனத்தை நாம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கவனம் எப்படியிருக்கும் என்று பார்க்க தூத்துக்குடியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. இந்தக் கடலின் பழைய தொழிலில் அது இருக்கிறது. எல்லோரும் முத்தைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது சங்கை.

டர்பினெல்லா பைரம் என்று விலங்கியலார் பெயரிட்ட இந்தச் சங்கு மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் வாழ்கிறது. தூத்துக்குடியில் குளித்தெடுக்கும் சங்கின் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போகும். அங்கே மணமான இந்துப் பெண்கள் அணியும் வெண்ணிற வளையலாகும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தச் சங்கைப் பற்றி 1914இல் தனி நூலே எழுதினார். டாக்காவின் சங்கறுப்பவர்கள் வேலை செய்யும் விதம் அதில் விரிவாக இருக்கிறது. தரையில் உட்கார்ந்து, சங்கைப் பாதங்களால் அண்டக்கொடுத்து, அரைநிலா வடிவத்தில் இருக்கும் கனத்த வாளால் கையாலேயே அறுப்பார்கள். அதற்கு முன் சுத்தியலால் உதட்டுப் பகுதியையும் உள்ளே இருக்கும் நடுத்தண்டையும் உடைத்தெடுப்பார்கள். பிறகுதான் வளையம் வளையமாக அறுப்பது. இன்று பங்குராவின் விஷ்ணுபூரிலும் கொல்கத்தாவிலும் மின்சார வாள் வந்துவிட்டது. சங்கு மட்டும் மாறவில்லை.

சங்கறுப்பவரின் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அவருக்குக் கிடைக்கும் ஸ்டாக்குக்கு வரைபடமே கிடையாது. இரண்டு சங்கு ஒன்றுபோல் இருக்காது. ஓடு சுருளாக வளர்ந்தது. ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. மேலே பழுப்பு நிறத்தில் ஒரு தோல் மூடியிருக்கும். அதை நீக்கும்வரை ஓட்டின் முகம் தெரியாது. உயிரோடு எடுத்த சங்கு என்றால் ஓடு கெட்டியாகவும் பளபளப்பாகவும் இருக்கும். செத்து நெடுநாள் கடலடியில் கிடந்தது என்றால் துளைக்கும் கடற்பஞ்சும் புழுவும் உள்ளே வழி அமைத்திருக்கும். வெளியே ஊசிமுனைத் துளை, உள்ளே சல்லடை. அதில் அறுத்த வளையம் மெருகேற்றும்போது உடையும். ஆகவே வாள் வைப்பதற்கு முன் அவர் சங்கைத் திருப்பிப் பார்க்கிறார், எடை பார்க்கிறார், துளைகளைத் தேடுகிறார். அதன் பிறகு எடுக்கும் முடிவுதான் தொழிலின் உயிர்: இந்தச் சங்குக்குள் வளையல் எங்கே இருக்கிறது? எந்தச் சாய்வில் அறுத்தால் மணிக்கட்டு நுழையும் அளவுக்கு வட்டமும், தேயாமல் நிற்கும் அளவுக்குத் தடிப்பும் ஒருசேரக் கிடைக்கும்?

கேம் மொழியில் இதைப் பொருளுக்குள் உருவத்தை இருத்துவது என்று சொல்லலாம். பள்ளிப் பாடத்தில் ஸ்டாக் எப்போதும் ஒரு செங்கல் போன்ற பெட்டி, இல்லையென்றால் வட்டக்கம்பி. உருவம் அதன் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். கம்பெனியிலிருந்து வெட்டி வந்த அலுமினியக் கட்டிக்கு அது போதும். மணல் அச்சில் வார்த்து வந்த வார்ப்படத்துக்குப் போதாது. அச்சின் இரு பாதிகள் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் வார்ப்படத்தின் ஒரு பக்கம் 5 மி.மீ. கூடுதல் இருக்கும், மறுபக்கம் 1 மி.மீ. தான் இருக்கும். நடுவில்தான் இருக்கிறது என்று நினைத்து வெட்டினால், மெலிந்த பக்கத்தில் கட்டர் உலோகத்தைத் தொடாமலே போகும். கறுத்த வார்ப்புத் தோல் அப்படியே மிஞ்சும். பாகம் வீண். ஆனால் உலோகம் குறைவாக இல்லை. உருவத்தை 2 மி.மீ. நகர்த்தி வைத்திருந்தால் இரண்டு பக்கமும் 3 மி.மீ. கிடைத்திருக்கும். உலோகம் இருந்தும் பாகம் கிடைக்காமல் போவது பட்டறையில் நடக்கிற பெரிய சோகங்களில் ஒன்று.

வார்ப்புத் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சு மணலைத் தொட்டு ஆறிய மேல்படலத்தில் மணல் துகள்கள் பதிந்திருக்கும். வார்ப்பிரும்பில் அந்தப் படலம் உள்ளே இருப்பதைவிடக் கடினமாகவும் இருக்கும். அதனால் அனுபவசாலிகள் முதல் பாஸைத் துணிந்து ஆழமாகவே எடுப்பார்கள். கட்டரின் முனை தோலுக்குக் கீழே, நல்ல உலோகத்தில் ஓட வேண்டும். பயந்து மெல்லிசாக எடுத்தால் முனை தோலை உரசியே மழுங்கிவிடும். ஸ்டாக் என்றால் அளவு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. அதற்கு மேல்தோல் உண்டு, உள்ளே ஒரு சுபாவம் உண்டு.

சங்கறுப்பவர் விரலால் செய்வதை மெஷின் செய்யவும் ஒரு வழி வந்தது. 1970களின் தொடக்கத்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் இருந்த டேவிட் மக்மர்ட்ரி, கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான மெல்லிய குழாய்களை அளப்பதற்காகத் தொட்டதும் சைகை தரும் முனை ஒன்றைக் கண்டுபிடித்தார். ரெனிஷா நிறுவனம் அதிலிருந்துதான் பிறந்தது. இன்று சி.என்.சி. மெஷினில் கட்டரின் இடத்தில் அப்படியொரு முனையை மாட்டி, வார்ப்படத்தைப் பத்து இருபது இடங்களில் தொடச் சொல்லி, எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அறிந்து, தொடக்கப் புள்ளியை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். ஒளியால் ஸ்கேன் செய்து முழு வார்ப்படத்தின் தோற்றத்தையே கணினிக்குள் கொண்டுவந்து அதையே ஸ்டாக் என்று அறிவிக்கவும் செய்யலாம். அப்படிச் செய்திருந்தால் என் ரைசர் அடி திரையிலேயே தெரிந்திருக்கும்.

ஸ்டாக்கைத் தவறாகச் சொல்வதன் விலை எப்போதும் சத்தத்தோடு வராது. பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வரும். கட்டரை மோதவிடக் கூடாது என்ற பயத்தில் பலர் ஸ்டாக்கை வேண்டிய அளவுக்கு மேல் பெரிதாக அறிவிப்பார்கள். அப்போது மெஷின் இல்லாத உலோகத்தை வெட்டிக்கொண்டிருக்கும். ஏர் கட்டிங் என்பார்கள். பாவம், அது உழைத்துக்கொண்டே இருக்கும். ஒரு சுருள்கூட விழாது. மணிக்கணக்கில் வாடகை பேசும் மெஷினில் அது காசு.

மறுபக்கம், சிறிதாக அறிவித்தால் என்ன ஆகும் என்பதை எண்களில் பார்ப்போம். இன்றைய கேம் மென்பொருள்களின் பெருமைக்குரிய உத்தி, ரஃப்பிங் என்னும் முதற்கட்ட வெட்டில் கட்டரின் மேல் விழும் சுமையை ஒரே சீராக வைப்பது. 12 மி.மீ. கட்டர் பக்கவாட்டில் 1.2 மி.மீ. மட்டும் கடித்தபடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கட்டரின் 360 டிகிரி சுற்றில் ஏறத்தாழ 37 டிகிரிதான் உலோகத்துக்குள் இருக்கும். ஒவ்வொரு பல்லும் வெட்டும் சீவல் மெல்லியதாக இருப்பதால், மென்பொருள் துணிந்து ஃபீடை, அதாவது கட்டர் முன்னேறும் வேகத்தை, ஏற்றிவிடும். இந்தத் துணிச்சல் முழுவதும், பக்கச்சுவர் எங்கே இருக்கிறது என்று நாம் சொன்னதை நம்பி வந்தது. உண்மையில் அங்கே 3 மி.மீ. கூடுதலாக இருந்தால்? கட்டர் கடிப்பது 4.2 மி.மீ. ஆகிறது, உலோகத்துக்குள் இருக்கும் கோணம் 72 டிகிரியைத் தாண்டுகிறது, சீவலின் அதிகபட்சத் தடிப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடுகிறது. ஃபீடோ முன்பு ஏற்றிய அதே வேகத்தில். கட்டர் அங்கேயே உடையாமலும் போகலாம். ஆனால் பல் நுனி கண்ணுக்குத் தெரியாமல் உதிரும். பத்தாவது பாகத்தில் அளவு தவறும். யாரும் முதல் பாகத்தின் ஸ்டாக்கைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

கணினி இந்தக் கட்டியை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது? இதை விளக்கவும் எனக்குத் தூத்துக்குடிக் கடல்தான் உதவுகிறது. எதிரொலிக் கருவி வரும் முன் கடலின் ஆழத்தை ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் இறக்கு, ஆழத்தைக் குறி. கொஞ்சம் தள்ளிப் போ, மறுபடி இறக்கு. முத்துச்சிப்பி வாழும் பார்களின் வரைபடங்களும், கப்பல் வழிகளின் வரைபடங்களும் இப்படிக் கட்டம் கட்டமாக எழுந்தவைதான். மென்பொருளின் எளிய முறையும் இதுவே. கட்டியின் மேல் நெருக்கமாக ஒரு வலையை விரித்து, ஒவ்வொரு கண்ணியிலும் உலோகம் எந்த உயரம் வரை இருக்கிறது என்று ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளும். கட்டர் ஒரு கண்ணியைக் கடக்கும்போது அந்த எண் குறையும். அவ்வளவுதான் வெட்டு.

இந்த முறைக்குச் சங்கு அடங்காது. மேலிருந்து குண்டு இறக்கினால் அது சங்கின் முதுகைத் தொட்டதும் நின்றுவிடும். உள்ளே குடைவு இருப்பதே தெரியாது. அதனால் இன்னொரு முறை வேண்டியிருந்தது. ஒரு நீண்ட ஊசி சங்கை மேலிருந்து கீழாக ஊடுருவிப் போவதாகக் கற்பனை செய்யுங்கள். அது முதலில் ஓட்டைக் கடக்கும், பிறகு வெற்றிடம், பிறகு நடுத்தண்டு, மறுபடி வெற்றிடம், கடைசியில் மறுபக்க ஓடு. ஒவ்வொரு ஊசிக்கும் எங்கே பொருள் தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியலைச் சேமித்தால் எந்தக் குடைவையும் சொல்லிவிடலாம். டிம் வான் ஹூக் 1986இல் இந்த முறையை வெளியிட்டார்; அந்த ஊசிகளுக்கு டெக்ஸல் என்று பெயர். இப்போது மூன்று திசைகளில் ஊசிகளைப் பாய்ச்சுகிறார்கள். திரையில் கட்டர் ஓட ஓட உலோகம் குழைந்து போவதுபோல் நாம் பார்ப்பது, லட்சக்கணக்கான ஊசிப் பட்டியல்கள் திருத்தப்படுவதுதான்.

கடலடியைப் பற்றிப் பேசியதால் துறைமுகத்தையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியின் கரையோரம் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகள்தான் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம், கடலுக்குள் சுமார் நான்கு கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே கட்டப்பட்டது. அதற்குள் கப்பல் வருவதற்கு அடியை ஆழப்படுத்த வேண்டும். தூர்வாரும் கப்பல் செய்வதும் மில்லிங் வேலைதான்: சுழலும் வெட்டுத்தலை, வகுத்த பாதை, இறங்க வேண்டிய ஆழம். ஸ்டாக், கடலின் தரை. வேலைக்கு முன் ஓர் அளவீடு, வேலைக்குப் பின் ஓர் அளவீடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே எவ்வளவு அகற்றப்பட்டது என்று கணக்கு. இங்கே அடியில் மணல் மட்டும் இல்லை, சுண்ணம் கலந்த கெட்டியான மணற்பாறையும் இருக்கிறது. மேற்பரப்பின் ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது. எந்த ஆழத்தில் பாறை தொடங்குகிறது என்று துளையிட்டுப் பார்த்தாக வேண்டும். மணலுக்கு என்று வந்த வெட்டுத்தலை பாறையில் இறங்கினால் என்ன ஆகும் என்று உடைந்த கட்டரைக் கையில் வைத்திருந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடலின் தரை சும்மா இருக்காது. அளந்த நாளுக்கும் வெட்டும் நாளுக்கும் இடையே மணல் வந்து படியும். அளவீட்டுக்கு வயது ஏறும். பட்டறையிலும் இதே கதைதான். நேற்று வெட்டிய பாகத்தை இரவில் கழற்றி, காலையில் வேறு வைஸில் மாட்டியிருப்பார்கள். கோப்பில் இருப்பது நேற்றைய ஸ்டாக்.

எஞ்சியதைக் கணக்கில் கொள்வது ஒரு தனிக் கலை. பெரிய கட்டரால் ரஃப்பிங் முடித்ததும் உள்மூலைகளில் உலோகம் தங்கிவிடும், ஏனென்றால் வட்டமான கட்டர் சதுர மூலைக்குள் நுழைய முடியாது. 12 மி.மீ. கட்டர் ஒவ்வொரு செங்கோண மூலையிலும் 6 மி.மீ. ஆரமுள்ள ஒரு வளைந்த முக்கோணத்தை விட்டுச்செல்லும். பரப்பு சுமார் 7.7 சதுர மி.மீ. அடுத்து வரும் 6 மி.மீ. கட்டர் அந்த மூலைக்கு மட்டும் போனால் போதும். அதற்கு, முந்தைய கட்டர் எதை எடுத்தது, எதை விட்டது என்று அதற்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒன்று, முழுப் பள்ளத்தையும் மறுபடி காற்றில் சுற்றும். இல்லையென்றால் மூலையில் இருக்கும் தடித்த உலோகத்துக்குள் மெல்லிய கட்டர் குருட்டுத்தனமாய்ப் புகும். கேம் மென்பொருளில் முந்தைய வேலையின் மீதியை ஸ்டாக்காக எடு என்று ஒரு தேர்வு இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை.

இதை எழுதும்போது எனக்கு அகநானூற்றின் 24ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. ஆவூர் மூலங்கிழார் பாடியது. இன்னும் அவிழாமல் சுருண்டிருக்கும் பகன்றை மொட்டு எப்படியிருக்கிறது என்று சொல்ல அவர் எடுத்த உவமை, வாளரத்தால் வளைகளை அறுத்து எடுத்த பிறகு மிஞ்சிக் கிடக்கும் சங்கின் தலைப்பகுதி. வளையலைப் பாடிய புலவர்கள் எத்தனையோ பேர். இவர் கண் போனது வளையலுக்குப் பிறகு பட்டறைத் தரையில் கிடந்த மீதியின் மேல். வெள்ளையாய், சுருளோடு, கூம்பாய் அது கிடப்பதை நின்று பார்க்காதவருக்கு அந்த உவமை வராது. சங்கறுப்பவரின் பட்டறைக்குள் அவர் போயிருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

அந்த மீதிகள் இன்றும் மண்ணுக்குள் கிடைக்கின்றன. பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை இப்போது கடலைவிட்டு உள்ளே தள்ளி, தாமிரபரணிக்கு அருகே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு, கதிரியக்கக் காலக்கணிப்பில் கி.மு. 785 வாக்கில் வந்தது. அந்த ஊரின் மண்ணில் அறுத்த சங்குகள் கிடைத்திருக்கின்றன. வளையல்கள் எங்கெங்கோ போய்விட்டன, மிஞ்சியது கழிவு. ஆனால் கழிவில் வாள் ஓடிய தடம் இருக்கிறது. தடத்தின் கோணத்திலிருந்து அறுத்தவர் சங்கை எப்படிச் சாய்த்துப் பிடித்தார் என்று சொல்லலாம். மிஞ்சிய துண்டின் வளைவிலிருந்து முழுச் சங்கு எவ்வளவு பெரியது என்று கணிக்கலாம். மீதியை வைத்துக்கொண்டு ஸ்டாக்கை மீட்டெடுக்கிறார்கள் தொல்லியலார்.

வலம்புரியைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். லட்சத்தில் ஒன்றாக எதிர்த்திசையில் சுருண்டு வளரும் அது, வழக்கமான இடம்புரிச் சங்கின் கண்ணாடி பிம்பம். கேம் மென்பொருளிலும் ஒரு பாகத்தின் பிம்பத்தை ஒரே சொடுக்கில் உருவாக்கலாம். படகின் இடப்பக்கப் பாகத்துக்கு எழுதியதை வலப்பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். பாதை திரும்பும், ஸ்டாக்கும் திரும்பும். கட்டரின் சுழற்சி மட்டும் திரும்பாது. உலோகத்துக்குள் தடித்துப் புகுந்து மெலிந்து வெளியேறிய பல், இப்போது மெலிந்து புகுந்து தடித்து வெளியேறும். பரப்பு சொரசொரப்பாகும், கட்டர் சீக்கிரம் தேயும். உருவம் ஒன்றுதானே என்று நினைப்பவர் இதைக் காணும்போது திகைக்கிறார்.

முத்திலும் ஒரு ஸ்டாக் ஒளிந்திருக்கிறது. தூத்துக்குடியில் கடைசி இயற்கை முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி அந்த அளவுக்குப் பெருகவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வகத்தில் கே. அழகர்சாமி, சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டையான வளர்ப்பு முத்தை இந்தியாவில் முதன்முறையாக உருவாக்கினார். அந்தக் கரு, ஓட்டிலிருந்து கடைந்த ஒரு மணி. தடித்த ஓட்டைப் பட்டைகளாக அறுத்து, பட்டையைக் கனசதுரங்களாக நறுக்கி, மூலைகளை மழித்து, கடைசியில் தேய்த்து உருட்டி எடுப்பார்கள். 6 மி.மீ. மணி வேண்டும் என்றால் கனசதுரத்தின் பக்கம் குறைந்தது 6 மி.மீ.; ஓட்டின் தடிப்பு அதற்குக் குறைவாக இருந்தால் எந்த மெஷினும் உதவாது. கனசதுரத்துக்குள் அடங்கும் பெரிய உருண்டை அதில் 52 சதவீதத்துக்குச் சற்று மேல். மீதி 47 சதவீதத்துக்கும் அதிகமானது பொடியாகப் போகிறது. கனமான ஓடு கொண்ட உயிரினங்களைத் தேடி, சங்கையும் நன்னீர்ச் சிப்பியையும் மனிதர்கள் நாடியதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். உருவத்தை எவ்வளவு விரும்பினாலும், பொருளின் தடிப்புதான் எல்லை.

கட்டர் உடைந்து சில மாதங்களுக்குப் பிறகு அதே பட்டறைக்கு ஒரு புரொப்பல்லர் தண்டு வந்தது. தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து உலோகம் ஏற்றியிருந்தார்கள். அதை 50 மி.மீ. விட்டத்துக்குக் கடைய வேண்டும். வெல்டிங் வைத்த தண்டைப்போல ஒழுங்கற்ற ஸ்டாக் குறைவு. மேடும் பள்ளமுமாக, சங்கின் முதுகைவிட மோசமாக இருந்தது. லேத்தின் திரைக்கு முன்னால் நான் உட்காரப் போனேன். ஆபரேட்டர் அண்ணாச்சி கையமர்த்தினார். தண்டைச் சக்கில் மாட்டி, ஒரு சாக்குக்கட்டியை அதன் அருகே அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சக்கை மெல்லச் சுற்றினார். மேடான இடங்களில் மட்டும் சாக்கு தொட்டு வெள்ளைக் கோடுகள் விழுந்தன. மூன்று இடங்கள். அந்த மூன்றையும் காலிப்பர் வைத்து அளந்து, மிகப் பெரியதை லேத்தின் தலைப்பெட்டியில் சாக்காலேயே எழுதினார்: 58.4.

ஸ்டாக் விட்டம் என்ற கட்டத்தில் 60 என்று போட்டேன். 58க்கு இறங்கும் பாஸில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று முறை டக், டக், டக் என்று கேட்டது. நிறுத்திப் பார்த்தோம். சாக்குக் கோடு விழுந்திருந்த இடங்களில் மட்டும் உலோகம் பளிச்சென்று வெட்டுப்பட்டிருந்தது.